பேட்டரியின் உயரம் 150 மீட்டர்: ஹைபிரிட் காரில் தனியாக ஒரு நீலகிரிச் சுற்று

மலைக்கு ஹைபிரிட் கார் சரிப்படுமா என்று ஷோரூமில் கேட்டால் வருகிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஏறும்போது கொஞ்சம் குடிக்கும், இறங்கும்போது பேட்டரி நிறைஞ்சுடும், கணக்கு சரியாப் போயிடும்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் மலைப்பாதையில் இறங்கினால் பெட்ரோல் கணக்கோடு பிரேக் கணக்கும் தப்பிப்போகும். கோவையில் கிளம்பி மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர், மசினகுடி, கல்லட்டி, திரும்ப ஊட்டி, பிறகு மஞ்சூர், கெத்தை, காரமடை என்று நீலகிரியை ஒரு வட்டம் அடித்தேன். அந்தப் பயணத்தை வைத்துத்தான் இந்த ஆய்வு. காரில் நான் ஒருத்திதான். கடைசிவரை எடையும் மாறவில்லை, ஆக்சிலரேட்டரை மிதிக்கிற காலும் மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அது வசதியாக இருந்தது.

வண்டி, மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட். டொயோட்டா ஹைரைடரிலும் இதே அமைப்புதான். 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கூடவே ஒரு மின்மோட்டார். இரண்டும் சேர்ந்து சுமார் 116 குதிரைத்திறன். லித்தியம் அயான் பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி, அதாவது கரண்ட் பில் பாஷையில் முக்கால் யூனிட். வெளியே பிளக் போட்டுச் சார்ஜ் செய்ய முடியாது. எஞ்சின் தருவதும், பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் சக்கரம் திருப்பித் தருவதும்தான் அதற்கு வரவு. வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அராய் நிறுவனம் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்கிறது. அது ஆய்வகத்தில் எடுத்த எண். அங்கே கோத்தகிரி மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவு கிடையாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்தப் பயணத்தில் கண்டதெல்லாம் இதற்குள் அடங்கும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240. ஏறவேண்டியது ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆளும் சாமானும் சேர்ந்து 1,400 கிலோ என்று வைத்தால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் தேவை. இறங்கும்போது அத்தனையும் திரும்பி வரவேண்டும். டயர் உராய்விலும் காற்றுத் தடையிலும் இரண்டரை யூனிட் போகட்டும். மிச்சத்தை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கும்போது ஆகும் சேதாரத்தையும் கழித்தால், 3 யூனிட்டுக்குக் குறையாமல் கைக்கு வரும். வாங்கி வைக்க இடம் எங்கே? பேட்டரியே முக்கால் யூனிட். அதையும் காரின் கணினி முழுக்கக் காலியாக விடாது, முழுக்க நிரம்பவும் விடாது; ஆயுள் குறையும் என்பதால் நடுவில் உள்ள சுமார் பாதியைத்தான் புழக்கத்தில் வைத்திருக்கும். ஆக, வருகிற மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் இடம். கூரையிலிருந்து கொட்டுகிற மழையைச் சொம்பு வைத்துப் பிடிக்கிற கதை.

இதையே உயரக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். புழக்கத்தில் உள்ள அந்தப் பாதியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது, இந்தப் பேட்டரியை நிரப்ப 150 மீட்டர் இறக்கம் போதும். மலைப்பாதைச் சரிவில் அது இரண்டரை, மூன்று கிலோமீட்டர். 150 மீட்டருக்கு உட்பட்ட இறக்கத்தை இந்தக் கார் சேமிக்கும். அதற்கு மேல் வருவதை வேறெங்காவது தொலைத்தாக வேண்டும். எங்கே, எப்படித் தொலைக்கிறது என்பதை இறக்கத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சொல்ல ஒன்றுமில்லை. பெரியநாயக்கன்பாளையத்திலும் காரமடையிலும் வண்டிகள் ஊர்ந்த இடத்தில் எஞ்சின் பாதி நேரம் தூங்கியது. மீட்டரில் லிட்டருக்கு 24-ஐ ஒட்டி. ஹைபிரிட்டின் சொந்த ஊர் இந்த மாதிரி ரோடுதான்.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இ-பாஸ் பார்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வைத்திருக்கக் கூடாது. தனியாகப் போகிறவர்கள் ஸ்டீல் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் செருகி வைத்துக்கொள்வது நல்லது; வளைவில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் எடுத்துத்தர பக்கத்தில் ஆள் இல்லை.

அப்புறம் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், சுமார் 1,450 மீட்டர் உயர்வு. முதல் சில வளைவுகள் வரை மோட்டார் கைகொடுக்கிறது, வண்டி பறக்கிறது. பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இரண்டில் நின்றதும் கதை மாறுகிறது. அதற்கு மேல் மோட்டாருக்கும் எஞ்சின்தான் சோறு போடவேண்டும். 116 குதிரைத்திறன் என்பது பேட்டரியில் சரக்கு இருக்கும்வரை உள்ள எண். தீர்ந்ததும் எஞ்சினின் சொந்தத் திறன் மட்டும்தான், சுமார் 92. அதிலும் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் உயரம் ஏற ஏற மூச்சு குறையும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அந்த அளவில் இறங்கும். டர்போ டீசல் இந்த அடியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். மலையில் டீசல் ஜீப்புக்கு இருக்கும் மவுசு சும்மா வந்ததல்ல.

சத்தமும் அப்படியே. கியர் மாறுகிற உணர்வே இல்லாத அமைப்பு என்பதால், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் ஏறி அங்கேயே நின்று முனகும். இது கோளாறு அல்ல, அதன் சுபாவம். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் முனகல் பாதியாகிறது, வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. தனியாக மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம். காது களைத்தால் கவனமும் களைக்கும்.

கோத்தகிரி போய்ச் சேர்ந்தபோது அந்த 33 கிலோமீட்டருக்கு மீட்டர் காட்டியது லிட்டருக்கு 12 அளவில். காரைக் குறை சொல்ல மாட்டேன். 1,400 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கான கூலி அது. சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கும் அந்தக் கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும், இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே.

ஏற்றத்தில் ஹைபிரிட்டின் அருமை மைலேஜில் இல்லை, வளைவில் நின்று கிளம்புவதில் இருக்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். ஆனால் எதிரே பஸ் வந்துவிட்டால் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ரோடு முழுவதும் வேண்டும். நட்ட நடு வளைவில் நிறுத்தி, மூக்கு மேலே தூக்கியபடி மறுபடி கிளம்ப வேண்டும். கிளட்ச் வண்டி என்றால் அரை கிளட்சில் பிடித்து, கருகல் வாடை அடித்து, பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்து, ஒரே அமர்க்களம். மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஹில் ஹோல்டு ஒரு நொடி பிடித்துக்கொள்கிறது. அதற்குள் மோட்டார் ஏந்திக்கொள்கிறது. கல்லட்டியிலும் பத்தாவது வளைவுக்குள் பேட்டரி இரண்டு கோட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் இப்படிக் கிளம்புவதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கையில் ஏதோ மிச்சம் வைத்திருந்தது.

இனி இறக்கம். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர். பைக்காரா வரை மேடும் பள்ளமுமாகப் போய், நடுவட்டம் தாண்டி ஒரேயடியாக இறங்கும் பாதை. அந்த இறக்கம் தொடங்கி மூன்று கிலோமீட்டர் முடிவதற்குள் பேட்டரி நிறைந்துவிட்டது. திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடிக்கொண்டிருந்த அம்பு மறைந்தது. 150 மீட்டர் கணக்கு அச்சாகப் பொருந்தியது.

இங்கேதான் கவனம் வேண்டும். ஹைபிரிட்டில் பிரேக் பெடலை மிதித்தால் முதலில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கும். போதாததற்கு மட்டும் பிரேக் பேட் வரும். பேட்டரி நிறைந்தபின் மோட்டாருக்கு அந்த வேலை கிடையாது, முழுச் சுமையும் பேட் மீது விழும். இந்த மாற்றம் காலுக்குத் தெரியாதபடி கணினி ஒட்டுப்போட்டுவிடுகிறது; பெடல் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே தைரியத்தில் வழக்கமாக ஓட்டும் 'டி' (டிரைவ்) நிலையிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினால் அடிவாரத்தில் பேட் சூடேறி வாடை வரும். அதற்கு மேல் போனால் பிரேக் பிடிப்பதே குறையும்.

அதற்குத்தான் கியர் லீவரில் 'பி' என்று ஓர் எழுத்து. பலர் அதைப் பார்க்கிங் என்று நினைக்கிறார்கள். பார்க்கிங்கின் 'பி' வேறு, இது பிரேக்கின் 'பி'. இதைப் போட்டால், பேட்டரியில் இடமில்லாதபோது, வருகிற மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமலே சுற்றவிடும். வெறும் காற்றை இழுத்துத் தள்ளும் அந்த வேலைதான் வண்டிக்குக் கடிவாளம். தொலைக்கவேண்டிய இரண்டரை யூனிட் இப்படித்தான் சத்தமாகவும் சூடாகவும் தொலைகிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, வண்டி மெதுவாக இறங்குகிறது, எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டுகிறது. பழக்கமில்லாதவர்கள் பயந்து டி-க்கு மாற்றிவிடுகிறார்கள்.

நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பின்னாலேயே கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்த பையன் இறங்கி நேராக என் வண்டியின் பானட்டைப் பார்த்தான்.

"அக்கா, இவ்வளவு நேரம் உங்க பின்னாலதான் வந்தேன். எஞ்சின் இப்படிக் கத்துதே, கியர் சிக்கிக்கிச்சா?"

"இல்ல தம்பி. இறக்கத்துல நான்தான் கத்த விட்டிருக்கேன். பெட்ரோல் போகல, சும்மா சுத்துது."

"அப்பச் சரி. நாங்களும் ரெண்டாவது கியர்ல கத்த விட்டுத்தான் இறக்குவோம். கத்தாம இறங்குற வண்டியப் பாத்தாத்தான் பயம்."

ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். 'பி' அதன் புது வடிவம். பேட்டரி நிறையும்வரை காத்திருக்காமல் இறக்கத்தின் உச்சியிலேயே போட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் கணக்கில் இந்த இறக்கம் என்ன லாபம் தந்தது? எஞ்சின் பெட்ரோலே குடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் கியரில் இறங்கும் எந்த இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரும் ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோலை நிறுத்திவிடும். ஹைபிரிட்டுக்கு மட்டும் உரிய லாபம், பேட்டரியில் சேர்ந்த அந்த ஒரு நிரப்பு. அது ஏறத்தாழ நூறு மில்லி பெட்ரோலுக்குச் சமம். பத்து ரூபாய், ஒரு டீக்குக்கூடப் பற்றாது. இறக்கத்துக்கு முன்பே மின்சாரத்தில் ஓட்டி பேட்டரியைக் காலி செய்துகொண்டு வரவேண்டும் என்று சிலர் பெரிய வித்தையாகச் சொல்கிறார்கள். செய்யலாம், அந்தப் பத்து ரூபாய்க்காக.

மலையில் ஹைபிரிட் நிஜமாகச் சம்பாதிப்பது வேறு இடத்தில். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் ரோட்டைக் கவனித்திருப்பீர்கள். முப்பது மீட்டர் இறங்கும், நாற்பது மீட்டர் ஏறும், ஒரு ஓடைப்பாலம், ஒரு வளைவு, மறுபடி இறக்கம். ஒவ்வொரு இறக்கமும் 150 மீட்டருக்குள் அடங்குவதால் ஒரு சொட்டு வீணாகாமல் பேட்டரிக்குப் போகிறது; அடுத்த மேட்டில் அதுவே தள்ளிவிடுகிறது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே எஞ்சின் அணைந்தும் எழுந்தும் போய்க்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் மீட்டர் 25-க்குக் கீழே இறங்கவில்லை, சமவெளியைவிட மேல். கோத்தகிரி - ஊட்டி ரோடும் இதே ரகம்தான். அங்கே மொத்தத்தில் 450 மீட்டர் ஏறவேண்டியிருந்தும் 20-ஐ ஒட்டிக் கிடைத்தது. மலை என்று ஒரே பெயரில் சொன்னாலும், மலைமேல் ஓடும் ரோடும் மலைக்கு ஏறும் ரோடும் இந்தக் காருக்கு இரண்டு வேறு தேசங்கள்.

குளிரும் ஒரு கணக்கில் வரும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் ஹீட்டரைப் போட்டேன். எஞ்சின் அணையவே இல்லை. சிக்னலில் நின்றபோதும் ஓடியது. காரணம் எளிது: ஹீட்டருக்குச் சூடு வருவது எஞ்சின் தண்ணீரிலிருந்து, தண்ணீர் ஆறினால் எஞ்சினை எழுப்பிவிடும். ஹீட்டரை நிறுத்தி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டதும் பழையபடி தூங்கத் தொடங்கியது. சேரிங் கிராஸ் நெரிசலில் அந்த வித்தியாசம் மீட்டரிலேயே தெரிந்தது.

தெப்பக்காடு - மசினகுடி ரோட்டில் மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் மின்சாரம்தான். புள்ளிமான்கள் தலைகூட நிமிர்த்தவில்லை. ரசிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நின்றால் நாம் வருவது அதற்கும் தெரியாது. டீசல் ஜீப்பின் சத்தம் ஒருவகை முன்னறிவிப்பு. இதில் அது இல்லை. அதனால் ஒவ்வொரு மூடிய வளைவிலும் இன்னும் வேகம் குறைத்தேன். அங்கே வண்டியை நிறுத்துவதற்கும் இறங்குவதற்கும் அனுமதி கிடையாது.

தனியாகப் போவதில் ஹைபிரிட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும், காரை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். குளிர் இரவில் உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது காலியாகிவிடும். காலையில் 'ரெடி' விளக்கு வராது. நாலு பேரைக் கூப்பிட்டு, தள்ளி ஸ்டார்ட் செய்கிற வழக்கம் இதில் செல்லாது. எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாத அமைப்பு. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கவேண்டும். டிக்கியில் வைத்தால், கரண்ட் இல்லாதபோது சில கார்களில் டிக்கியே திறக்காது. இன்னொன்று, வண்டி நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன்சக்கரத்தோடு மோட்டார் பிணைந்திருக்கிறது. அது சுற்றினால் மின்சாரம் உண்டாகிச் சேதமாகலாம். பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மஞ்சூர்ப் பக்கம் ஒரு வளைவில் நின்றுவிட்டால் அந்த லாரி கீழிருந்து வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் ஊட்டியிலேயே டேங்கை நிரப்பி, போகிற வழியையும் நேரத்தையும் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். போன் சிக்னல் பல இடங்களில் இல்லை.

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். காடு, யானைத் தடம், குறுகிய ரோடு. பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டிய பாதை. உச்சியிலேயே 'பி' போட்டேன். நாலைந்து வளைவுக்குள் பேட்டரி நிறைந்தது. மிச்ச இறக்கம் முழுவதும் எஞ்சினின் கத்தல்தான்.

அந்தப் பாதையிலேயே மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்க்கலாம். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியோடு 1950-களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம். அங்கே நீரின் வீழ்ச்சியை ஒரே இடத்தில் பிடிக்க முயலவில்லை. குந்தாவில் ஒரு மின்நிலையம், அங்கிருந்து வரும் தண்ணீருக்குக் கெத்தையில் ஒன்று, அப்புறம் பரளி, அப்புறம் பில்லூர் என்று மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் எடுத்துக் கம்பியில் அனுப்புகிறார்கள். கிடைத்ததை உடனே வாங்கிக்கொள்ள அவர்களுக்குக் கம்பி இருக்கிறது. என் காருக்கு இருப்பது முக்கால் யூனிட் பேட்டரி.

மொத்தச் சுற்றுக்கும் சராசரி லிட்டருக்கு 20-ஐத் தாண்டியது. இந்த அளவுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காருக்கு இது எட்டாத எண்தான். ஆனால் அந்த லாபம் சமவெளியிலும், ஊட்டி நெரிசலிலும், பைக்காரா மாதிரி ரோடுகளிலும் சேர்ந்தது. மலை ஏறி இறங்கியதில் சேர்ந்தது சொற்பம்.

ஆகவே யார் வாங்கலாம் என்று கேட்டால், ஊட்டியில் வீடு, கோத்தகிரியில் வேலை என்று மலைமேலேயே ஓடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கோவையில் இருந்துகொண்டு எப்போதாவது மலைக்கு வருகிறவர்களுக்கும் சரி. அவர்களுக்கு மீதி நாள் முழுக்க ஊர் நெரிசல்தான். வாராவாரம் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஏறி இறங்குவதே வேலை என்றால், 40 யூனிட் பேட்டரி உள்ள முழு மின்சாரக் காரைப் பார்க்கலாம். இறக்கத்தில் வரும் மூன்று யூனிட்டையும் அது அப்படியே விழுங்கிக்கொள்ளும், மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாமல் இருந்தால். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குத் தினமும் மூட்டை இறக்குகிறவர் டீசல் பிக்கப்பை விற்கவேண்டியதில்லை.